ஏழாவது கேள்வியைத் திருத்தியவளுக்கு

இன்று காலை முதலாண்டுப் பிள்ளைகள் களப்பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வைத்து எழுதப் பரீட்சை அட்டை ஒன்று குறைகிறது என்று ஒருத்தி வந்து நின்றாள். துறை அலமாரியின் அடித்தட்டில் குனிந்து தேடினேன். பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு அடியிலிருந்து உன் அட்டை வந்தது. கிளிப் துருப்பிடித்துவிட்டது. அதில் இன்னும் ஒரு தாள் மாட்டியிருந்தது. பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள். ஏழாவது கேள்வி மட்டும் பச்சை மையில் அடிக்கப்பட்டு, அதன் கீழே உன் கோழிக்கிறுக்கலில் வேறொரு கேள்வி இருந்தது. அந்தப் பெண்ணிடம் என் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அலமாரிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பச்சை மை அதிகாரிகள் கையெழுத்துப் போடுவதற்கு, நமக்கில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் உனக்கு! "கடைல கேட்டேன், குடுத்தான். அதிகாரியான்னு அவன் கேக்கலியே, நீ இன்னாத்துக்கு கேக்கற?" என்பாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை உனக்கு நான் எதுவும் எழுதவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோதும் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். அழுகைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுமட்டுமில்லை. உன்னிடம் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. ஊர் கூடிய இடத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் முதலில் பெருமைப்பட வேண்டியதற்கெல்லாம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். அது நிறைய இருக்கிறது.

ஆரம்பத்தில் நமக்குள் ஒத்துப்போனது என்று ஒன்றும் கிடையாது. நான் பொருளாதாரத் துறை, நீ அரசியல் அறிவியல். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் வைத்தவர். நீ புளியந்தோப்புக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். உன் அம்மா தூய்மைப் பணியாளர். வகுப்பில் நான் புத்தகத் தமிழ் பேசுவேன். உனக்கோ வகுப்பு, வீடு, கேன்டீன் எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்தான். "அரசமைப்புச் சட்டத்துல இன்னா சொல்லிகீதுன்னா" என்று நீ ஆரம்பிப்பது பக்கத்து வகுப்பில் இருக்கும் எனக்குக் கேட்கும். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒரு ஆசிரியர் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், வகுப்பறையில் கொஞ்சம் சுத்தமான தமிழ் பேசினால் தேவலை என்று உன்னைப் பார்க்காமலே உன்னைச் சொன்னார். நீ எழுந்து நின்றாய். "எங்க அம்மா முப்பது வருசமா இந்த ஊர பெருக்கிகினு கீறாங்க சார். சுத்தம்னா இன்னான்னு எங்க வூட்ல கொழந்தைக்கு கூட தெரியும்" என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்தாய். அந்தக் கூட்டம் முடிந்ததும்தான் நான் முதல் தடவையாக உன் மேசைக்கு வந்து, டீ குடிக்கலாமா என்று கேட்டேன். "வா அண்ணாச்சி" என்றாய். கடைக்காரர் மகளுக்கு நீ வைத்த அந்தப் பெயர் கடைசி வரை மாறவில்லை.

அந்த டீயில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. உன் துறையிலும் சேர ஆளில்லை, என் துறையிலும் ஆளில்லை. எல்லாரும் வணிகவியலுக்கும் கணினிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னாய்: "உன் கிளாஸ்ல பாதி பெஞ்சு காலி, என் கிளாஸ்ல பாதி பெஞ்சு காலி. ரெண்டையும் ஒண்ணாக்கி ஒரே டிகிரியா குடுத்தா இன்னா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிப்பா நடத்தச் சொல்ற, ஷேர் ஆட்டோவா?" என்றேன். "ஷேர் ஆட்டோதான். நம்ம ஏரியால அல்லாரும் அதுலதானே போறாங்க" என்றாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டாய். எர்ணாவூரில் ஒரு பெண் கொடியில் காயப்போட்ட துணியை உதறினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டுகிறது. அது ஏன் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு லாப நட்டம் இருக்கிறது, அந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்ற ஒரு வரலாறும் இருக்கிறது. "அவ எந்த டிபார்ட்மென்ட் கதவ தட்டுவா, சொல்லு" என்றாய்.

பாடத்திட்டம் எழுத நமக்கு ஒரு வருடம் ஆனது. அதில் பாதி நாள் சண்டை. முதல் பருவத்தில் புள்ளியியல் வேண்டும் என்பேன் நான், அரசமைப்புச் சட்டம்தான் வேண்டும் என்பாய் நீ. சமூகவியலுக்கு இருந்த ஒரே ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்தப் பாடத்தையும் நாமே பங்கு போட்டுப் படித்துக்கொண்டு நடத்தினோம். எதிலும் உடன்பாடு வராமல் கடைசியில் நீ ஒரு யோசனை சொன்னாய். புதன்கிழமை மட்டும் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்பது. ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தை நான் சொல்லவேண்டும், நீ மறுக்கவேண்டும், பிள்ளைகள் இருவரையும் மறுக்கவேண்டும். கால அட்டவணையில் அதற்கு 'ஒருங்கிணைந்த கருத்தரங்கு' என்று நான் பெயர் வைத்தேன். பிள்ளைகள் வைத்த பெயர் 'சண்டை பீரியட்'. அதுதான் நிலைத்தது.

'சமூக அறிவியலும் பொதுக் கொள்கையும்' என்று பலகை மாட்டிச் சேர்க்கைக்கு உட்கார்ந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். திருவொற்றியூரிலிருந்து மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். விண்ணப்பத்தில் அவர் தொழிலை நான்தான் எழுதினேன். "ஆக்டிங் டிரைவர் மேடம்" என்றார். கட்டம் சின்னது. 'ஓட்டுநர்' என்று எழுதிக்கொண்டேன். "இத்த படிச்சா பொண்ணு இன்னாவா ஆவும்?" என்று கேட்டார். நான் அரசுத் தேர்வுகள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. நீ குறுக்கே புகுந்து, "ரோட்ல லாரி ஏன் நிக்குதுன்னு யாருனா கேட்டா, தெரியலன்னு சொல்லாத பொண்ணா ஆவும்ணா" என்றாய். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மாலையில் நீ அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தாய், ஏதோ கல்யாணப் பத்திரிகையில் பெயர் சரிபார்ப்பதைப் போல.

லாரியைப் பற்றி நீ சொன்னது வெறும் பேச்சில்லை. நம் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் கன்டெய்னர் லாரிகளின் வரிசை துறைமுகத்தை நோக்கி நிற்கும். அதில் பேருந்து மாட்டும், பேருந்தில் நம் பிள்ளைகள் மாட்டுவார்கள், முதல் பீரியட் பாதி காலியாக இருக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு புதன்கிழமை, தாமதமாக வந்தவர்களை நான் திட்டிக்கொண்டிருந்தேன். நீ கரும்பலகையில் 'இந்த வரிசை யாருடையது?' என்று எழுதினாய். காத்திருக்கும் நேரத்துக்கு விலை உண்டு என்றேன் நான். அந்த ரோட்டின் மேல் யாருக்கு அதிகாரம் என்று கேட்டாய் நீ. லாரிக்குள் இருக்கிற ஆள் எங்கே குளிப்பார் என்று கேட்டாள் ஒருத்தி. அந்த வருடத்துக் களஆய்வு அப்படித்தான் முடிவானது.

கேள்வித்தாள் என் பொறுப்பு. ஏழாவது கேள்வி, 'நீங்கள் எவ்வளவு நேரமாக வரிசையில் காத்திருக்கிறீர்கள்?' இதில் என்ன தப்பு வரமுடியும்? பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை வெயிலில் நடந்து, லாரி லாரியாக ஏறி விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார்கள். விடைகளைத் தொகுத்தபோது நான் அசந்துபோனேன். ஊரே புலம்புகிற அளவுக்குக் காத்திருப்பு இல்லை. சில மணி நேரம்தான்! எல்லாரும் நினைப்பது தவறு என்று காட்டுகிற ஒரு அட்டவணை கையில் கிடைத்தால் பொருளாதாரம் படித்தவளுக்குத் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. வரிசை பிரச்சினை இல்லை, பேருந்து நேரங்களை மாற்றினால் போதும் என்று பரிந்துரையே எழுதிவிட்டேன். அறிக்கையை அச்சடித்து, சுருள்கம்பி போட்டு, பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கும் அனுப்பியாயிற்று.

அந்தக் குழுவின் கையில்தான் நம் படிப்பின் உயிர் இருந்தது. பல்கலைக்கழகம் நமக்கு மூன்று வருடத்துக்குத்தான் தற்காலிக அனுமதி கொடுத்திருந்தது. மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால் தொடரும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள். கீழே இருந்த இரண்டு வருடத்துப் பிள்ளைகளை வேறு துறைகளுக்குப் பிரித்துவிடுவார்கள், முதல் இருபத்திரண்டு பேரின் கையில் ஒரு செத்த படிப்பின் பட்டம் இருக்கும். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் அது என்ன படிப்பு என்று கேட்பார்கள், காட்டுவதற்குக் கல்லூரியில் பலகைகூட இருக்காது. நம் நாக்கை நம்பித்தான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். எனக்கு அப்போது தூக்கம் சரியில்லை.

குழு வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தப் புதன்கிழமை வந்தது. அட்டவணையை வகுப்பில் காட்டினேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மோனிஷா மட்டும் எழுதவில்லை.

"மேடம், எங்க நைனா ஆக்டிங் போறாரு" என்றாள்.

"அதுக்கென்னம்மா?"

"வரிசைல லாரி நிக்கும்ல மேடம், அப்ப மெயின் டிரைவரு குளிக்க, தூங்க வூட்டுக்கு போய்டுவாரு. அவரு வர்ற வரைக்கும் வண்டிய கொஞ்சம் கொஞ்சமா நகத்திகினு போறதுக்கு எங்க நைனா மாதிரி ஆளுங்க ஏறிக்குவாங்க. வரிசைல பாதி வண்டில அவங்கதான் கீறாங்க. எங்க நைனாவ போய் எவ்ளோ நேரமா நிக்கிறன்னு கேட்டா, அவரு ஏறுன நேரத்தைத்தான் மேடம் சொல்லுவாரு. வண்டி முந்தா நேத்துலேர்ந்து நின்னுகினு இருக்கும்."

நீ முதலில் சிரித்தாய். பிறகு அந்தத் தாளை எடுத்து, பச்சைப் பேனாவால் ஏழாவது கேள்வியை ஒரே கோடாக அடித்தாய். "உன் கேள்வி லாரிய கேக்கல அண்ணாச்சி. சீட்ல குந்திகினு இருந்த ஆள கேட்டுகீது" என்றாய். அதன் கீழேயே எழுதினாய்: 'வண்டி எப்போ வரிசைக்கு வந்துச்சு? அப்போ ஸ்டியரிங்ல யாரு?' இன்று காலை நான் பார்த்தது இதைத்தான்.

அவள் அப்பா என்னிடம் நேரிலேயே சொன்ன வார்த்தையைக் கட்டம் சின்னது என்று நானே வெட்டியிருந்தேன். அது அப்போது எனக்கு ஞாபகம் வந்ததால்தான் பிறகு உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

துறை அறைக்கு வந்ததும், குழு வந்தவுடன் இதைச் சொல்லிவிடலாம் என்றாய். எனக்கு அப்பாவின் ஊர் நாக்கில் ஏறிவிட்டது. "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நாமளே தப்புன்னு சொன்னா இழுத்து மூடிட்டுப் போயிருவாவ!"

"வந்துச்சு பாரு தூத்துக்குடி" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்றதும் நீயும் நிறுத்தினாய். "மூடட்டும். தப்பு கணக்க வெச்சிகினு தொறந்து வெக்கிற கட இன்னா கட?"

"ஒனக்கென்ன, நாளைக்கே அரசியல் அறிவியலுக்குத் திரும்பிப் போயிருவ. பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"புள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன். அந்த பொண்ணு சொன்னத கேட்டுட்டு நாம வாய மூடிகினா, மூணு வருசமா நாம சொல்லிக் குடுத்தது இன்னா?"

பதில் இல்லாதபோது நான் செய்கிற காரியம் உனக்குத் தெரியும், எழுந்து போய்விடுவேன். ஆனால் அன்று எங்கே போனேன் என்பது உனக்குத் தெரியாது என்றே போன மாதம் வரை நினைத்திருந்தேன். நேராக முதல்வர் அறைக்குப் போனேன். "குழு வர்ற அன்னைக்கு நான் மட்டும் பேசறேன் சார். அவளைப் பேச விட்டா எதையாவது போட்டு உடைச்சிடுவா. அவ பேச்சும் அந்த ஆளுங்களுக்குப் பிடிக்காது" என்றேன். ஆமாம், உன் தமிழையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆசிரியர் கூட்டத்தில் உன்னை நக்கல் செய்த அந்தப் பெரியவரைவிட நான் எந்த விதத்தில் மேல்?

குழு வந்த அன்று உனக்குச் சாப்பாட்டு ஏற்பாட்டு வேலை. உன் நல்ல கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டிலும் சமோசாத் தட்டுமாக நீ கருத்தரங்கக் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் மேடை ஏறும்போது பாட்டில் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்து, "சோக்கா பேசு அண்ணாச்சி" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் பேசினேன். அட்டவணை திரையில் வந்தது. குழுவில் ஒருவர் முன்னால் சாய்ந்து, "இது ரொம்பப் புதுசா இருக்கே. எல்லாரும் சொல்றதுக்கு நேர்மாறா இருக்கு. பிரமாதம்" என்றார். முதல்வர் முகம் மலர்ந்தது. நாம் தப்பித்துவிட்டோம் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மோனிஷாவின் கை பாதி உயர்ந்திருந்தது. அவர் பிரமாதம் என்று சொன்னதைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் அந்தக் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருடமாகக் கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று கத்திவிட்டு, அந்தக் கையை நானே இறக்கி வைத்துவிட்டேன். அந்தப் பெண் இனி எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் பெரியவர்கள் பாராட்டிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்கமாட்டாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நானாக இருப்பேன்.

"ஐயா, அந்த அட்டவணை தப்பு" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மாணவி கண்டுபிடித்தாள். அவளே சொல்வாள்."

மோனிஷா எழுந்து சொன்னாள். நான் புத்தகத் தமிழில் பேசு என்று சைகை காட்டவில்லை. நைனா, ஆக்டிங், ஸ்டியரிங் என்று அவள் வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள். குழுத் தலைவியாக வந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். பிரமாதம் என்றவருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது, அச்சடித்து அனுப்புவதற்கு முன்பு இதெல்லாம் பார்க்கமாட்டீர்களா என்று கடிந்துகொண்டார். நியாயமான கேள்விதான். தலைவி, புதிய கேள்வியை எழுதியது யார் என்று கேட்டார். பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் திரும்பி, வாசலருகே தட்டோடு நின்ற உன்னைக் காட்டினார்கள். நீ தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து, அதிகாரம், சட்டம், வரிசை என்று பத்து நிமிடம் உன் தமிழில் பேசினாய். அந்தக் கூடத்தில் அன்று உன்னைவிட நன்றாக யாரும் பேசவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாலை போட்டு அனுமதி கொடுத்துவிடவில்லை. ஒரு வருடம் மட்டும் நீட்டிப்பு, ஆய்வைத் திருத்தி மறுபடி செய்து காட்டவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். செய்தோம். இரண்டாம் முறை உன் கேள்வியோடு போனபோது வந்த நேரங்களைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு தொழிலாளர் கூட்டமே அந்த வரிசைக்குள் இருந்தது. நம் பிள்ளைகள்தான் அவர்களைப் பற்றி முதலில் எழுதினார்கள். அந்த அறிக்கையை இணைத்து ஓட்டுநர்கள் மனு கொடுத்தார்கள், வரிசை நிற்கும் இடத்தில் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வந்தன. வரிசை இன்னும் இருக்கிறது. முதல் பீரியட்டில் இன்னும் பாதிப் பேர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

அடுத்த வருடம் நிரந்தர அனுமதிக் கடிதம் வந்தபோது நீ இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாவு அரைத்துக்கொண்டிருந்தவளுக்கு மார்வலி என்று உன் தம்பி போன் செய்தான். நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு புளியந்தோப்பில் உன் அம்மாவிடம் போனேன். அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இது இன்னா சொல்லுது கண்ணு?" என்று கேட்டார். "உங்க பொண்ணு ஆரம்பிச்ச படிப்ப இனிமே யாரும் மூட முடியாதுன்னு சொல்லுதும்மா" என்றேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி உன் படத்துக்குக் கீழே வைத்தார்.

மோனிஷா இப்போது பெங்களூரில் பொதுக் கொள்கையில் முதுகலை படிக்கிறாள். முதல் வகுப்பிலேயே பேராசிரியரின் கேள்வித்தாளில் ஒரு தப்பைச் சொன்னாளாம். எனக்குப் போன் செய்து, "திட்டுவாங்களா மேடம்?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா போன வருடம் தம்பி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நம் படிப்பில் சேர்த்தார். இந்த முறை விண்ணப்பத்தில் 'ஆக்டிங் டிரைவர்' என்றே எழுதினேன். கட்டத்துக்கு வெளியே போனது, போகட்டும். இந்த வருடம் அறுபது இடமும் நிரம்பிவிட்டது. நீ இருந்திருந்தால் அந்தப் பட்டியலை எத்தனை முறை வாசித்திருப்பாயோ!

போன மாதம் முதல்வர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேம்மா. குழு வந்த அன்னைக்குக் காலையில அவங்களை நான் கூப்பிட்டு, நீங்க சாப்பாட்டை மட்டும் பாத்துக்கங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல, உங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவர் உன்னைப் போலவே பேசிக் காட்டினார்: "'அவளே பேசட்டும் சார். தப்புன்னு தெரிஞ்சிகினு அத்த தாண்டி போவ அவளால முடியாது. பாருங்க, அவளே சொல்லிடுவா.'"

நான் முதுகுக்குப் பின்னால் என்ன செய்தேன் என்று தெரிந்துகொண்டுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்திருக்கிறாய். அதற்குப் பிறகும் எத்தனையோ புதன்கிழமைகள் என் பக்கத்தில் நின்று சண்டை போட்டாய். ஒரு நாள்கூட அதை எடுத்து என் மேல் வீசவில்லை. என்னை நானே அவ்வளவு நம்பியதில்லை. நீ நம்பியிருக்கிறாய். உன்னோடு வேலை செய்தவள் என்பதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் கிடையாது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

சண்டை பீரியட் நிற்கவில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞர் பயந்த சுபாவம், என்னை மறுத்துப் பேச அவருக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அதனால் இந்த வருடம் முதல் வகுப்பில் நானே என்னை மறுத்தேன். ஏழாவது கேள்வியின் கதையை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று விடாமல் சொன்னேன். முதல்வர் அறைக்குப் போனதையும், உன் தமிழைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். எங்கெங்கே தப்பு செய்தேன், சொல்லுங்கள் என்றேன். கேள்வி தப்பு, அவசரமாக அச்சடித்தது தப்பு, பின்வழியாகப் போனது தப்பு என்று வரிசையாக வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து எர்ணாவூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அவங்க கீறப்பவே நீங்க மன்னிப்பு கேட்டுகினு இருக்கலாம்ல மேடம்? ஒரு வருசம் டைம் இருந்துச்சே."

சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளை. அந்த இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, தலை நிமிர்ந்தும் நின்றேன். நீயும் நானும் உண்டாக்கிய வகுப்பில்தான் ஒரு பிள்ளை இப்படி எழுந்து கேட்க முடியும்.

"ஆமாம்மா, கேட்டிருக்கணும்" என்றேன்.

இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.